ஓட்டுநர் இருக்கையும் மோட்டல் தட்டும்

விழுப்புரம், திண்டிவனம் டிப்போக்களில் வேலை பார்க்கும் ஓட்டுநர், நடத்துநர் அண்ணன் தம்பிகளுக்கு,

உங்கள் சீருடையின் இடுப்பளவைப் பற்றி எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்க வேண்டும். திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும், வேலைக்குப் போய்வரும் பயணிகளில் நானும் ஒருத்தி. சில்லறை இல்லாமல் ஏறி உங்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். புறப்பட்டுவிட்ட கடைசி வண்டியை எனக்காக நிறுத்தி ஏற்றிக்கொண்டும் போயிருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த இடுப்பளவுப் பேச்சை முதலில் தொடங்கியவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் மாரடைப்புச் சாவுகள் கூடிக்கொண்டே போயின. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மோரிஸ் 1949-இல் லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் நோய்க் கணக்கைப் புரட்டத் தொடங்கினார். 35 முதல் 64 வயது வரை ஏறத்தாழ 31,000 ஆண்கள். ஒரே ஊர், ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது. சின்ன வயதிலேயே வந்தது. வந்தவர்கள் பிழைப்பதும் குறைவாக இருந்தது.

லண்டனில் ஓடியவை மாடிப் பேருந்துகள். நடத்துநர் படியேறி இறங்கித்தான் டிக்கெட் கொடுக்க வேண்டும். ஒரு டூட்டிக்கு 500 முதல் 750 படிகள். ஓட்டுநரோ வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார். உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவ உலகம் பேசத் தொடங்கியது 1953-இல் 'லான்செட்' இதழில் வந்த இந்த ஆய்வுக்குப் பிறகுதான். மோரிஸ் அதோடு விடவில்லை. 1956-இல் அவரும் கூட்டாளிகளும் நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். எந்த வயதுக்காரரை எடுத்தாலும் ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பு நடத்துநருடையதைவிடப் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் கொஞ்சம் பருமனாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கே வந்தது. ஆனால் மோரிஸ் பேருந்தோடு நிற்காமல், 1953 ஆய்விலேயே தபால்காரர்களையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். அங்கும் அதே கதை. மோரிஸ் தானும் நடந்து, நீந்தி, 99 வயது வரை வாழ்ந்து 2009-இல்தான் காலமானார்.

உலகத்துக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் தொழில்தான். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் டிப்போக்களில் அதைப் பற்றி யாராவது ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்களா?

நம் தடத்துக்கு வருகிறேன். விழுப்புரத்தில் எடுத்தால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம். நாற்பது கிலோமீட்டருக்குள் முடிகிற தூரம். ஆனால் உங்களில் பலருக்கு இது ஒரு துண்டுதான். சென்னை வரைக்கும் திருச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறீர்கள். ஓட்டுநருக்கு ஒரு பக்கம் போனட்டின் சூடு, மறுபக்கம் கண்ணாடி வழியே வெயில். பின்னால் ஹாரன் அடிப்பவன், முன்னால் திடீரென்று குறுக்கே வரும் இருசக்கர வண்டி, கையில் டைம் கீப்பரிடம் காட்ட வேண்டிய நேரம். உடம்பு அசையாது, மனம் மட்டும் ஓடும். ரத்த அழுத்தம் ஏறுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

நடத்துநர்கள் லண்டன் கணக்கைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். நம்மிடம் மாடி வண்டி இல்லை. டவுன் பஸ் நடத்துநர் நாள் முழுக்க நிற்கிறார், நெரிசலில் முன்னும் பின்னும் நகர்கிறார்; அவருக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் தொல்லை வேறு. பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியின் நடத்துநரோ ஸ்டாண்டிலேயே டிக்கெட்டை அடித்து முடித்துவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வருகிறார். மோரிஸ் இன்று வந்தால் அவரை ஓட்டுநர் பட்டியலில்தான் சேர்ப்பார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளியானது. மாரடைப்பு அபாயத்தில் மிகப் பெரும்பகுதி ஒன்பது அம்சங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று அது காட்டியது: புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுத் தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது, மதுப் பழக்கம். அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது நடுவாக 53. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. 53 என்பது உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் பாக்கி இருக்கிற வயது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கூட்டுறவு சொசைட்டிக் கடன் முடிந்திருக்காது.

வண்டி ஓட்டும்போதே நெஞ்சு வலி வந்து, ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்த ஓட்டுநர்களைப் பற்றி வருடத்துக்குச் சில முறையாவது செய்தித்தாளில் படிக்கிறோம். 2025 மே மாதம் பழநி அருகே ஒரு தனியார் பேருந்தில் ஓட்டுநர் மயங்கிச் சரிந்ததும் நடத்துநர் பாய்ந்து கையாலேயே பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். நடத்துநரைப் பாராட்டினோம், ஓட்டுநருக்காக உச்சுக்கொட்டினோம், அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டோம். அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: இதய நோய் உங்கள் தொழில் நோய். பருத்தி ஆலைக்காரருக்கு நுரையீரல் போல, உங்களுக்கு இது வேலையோடு சேர்ந்து வருகிறது. ஆகவே 'வாயைக் கட்டு, வாக்கிங் போ' என்று உங்களுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு ஒதுங்குவது அநியாயம். கட்ட வேண்டியதைக் கட்டுங்கள், கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

முதலில் மோட்டல்.

நெடுஞ்சாலை மோட்டலில் வண்டி நின்றதும் பயணிகள் ஒரு பக்கம் போவார்கள், நீங்கள் வேறு பக்கம் போவீர்கள். எங்களுக்கு ஆறிப்போன தோசை, அநியாய விலை. உங்களுக்குத் தனி மேசை, காசில்லாத சாப்பாடு. இதில் எனக்குப் பொறாமை கிடையாது. அந்தத் தனித் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கவலை. பரோட்டா, அதன் மேல் எண்ணெய் மிதக்கும் சால்னா, சிக்கன் 65, ஆம்லெட், கடைசியில் ஒரு ஸ்ட்ராங் டீ. பரோட்டாவில் இருப்பது தவிடு நீங்கிய மைதா. அதை இளக்கப் போடுவது பெரும்பாலும் மலிவான எண்ணெய் அல்லது வனஸ்பதி. வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்கு உட்பட்ட எண்ணெயாக இருந்தாலும் காலையில் ஊற்றிய அதே வாணலி ராத்திரி வண்டி வரைக்கும் கொதித்துக்கொண்டே இருந்தால் கெட்டுப்போகும். அதற்கும் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு உண்டு. எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது. வாணலி எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரைத்துப் புகைந்தால் அந்தத் தட்டைத் தள்ளி வையுங்கள். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, மூக்கு போதும்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா தின்பவரைப் பார்த்து 'ஏன் சுண்டலும் சாலடும் சாப்பிடக் கூடாது?' என்று கேட்பது அபத்தம் என்று எனக்கும் தெரியும். அங்கே இருப்பதைத்தானே தின்ன முடியும்? ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த மோட்டலுக்கு வருமானமே உங்கள் வண்டி நிற்பதால்தான். வேறு எந்த இடத்திலும் உங்களுக்கு இல்லாத ஒரு பேரம் அங்கே உங்களுக்கு இருக்கிறது. இரண்டு இட்லி, அவித்த முட்டை, தண்ணியான சாம்பார், ஒரு வாழைப்பழம் என்று உங்கள் மேசைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னால் எந்த முதலாளி மாட்டேன் என்பார்? அவருக்குச் சிக்கன் 65 மிச்சம்!

2022-இல் ஒரு கூத்து நடந்தது நினைவிருக்கலாம். அரசுப் பேருந்துகள் நிற்கும் மோட்டல்களில் சைவ உணவு மட்டுமே சமைக்க வேண்டும் என்று டெண்டரில் நிபந்தனை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விலக்கிக்கொண்டார்கள். நல்லதுதான், காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி சைவம் என்பதால் இதயத்துக்கு இதமாகிவிடாது, மத்தி மீன் குழம்பு அசைவம் என்பதால் கெடுதலும் ஆகிவிடாது. ஆனால் டெண்டர் நிபந்தனையில் உணவைப் பற்றி எழுத முடியும் என்பது அப்போது தெரிந்துவிட்டது. சைவமா அசைவமா என்பதை விட்டுவிட்டு, என்ன எண்ணெய், எத்தனை முறை, எவ்வளவு உப்பு, அவித்த பண்டம் ஒன்றாவது உண்டா என்று எழுதினால் உங்களுக்கும் பயன், எங்களுக்கும் பயன்.

உப்பு என்றதும் மரக்காணம் நினைவுக்கு வருகிறது. நம் மாவட்டத்து உப்பளம். உப்பு இல்லாமல் உடம்பு இல்லை. வெயிலில் வேர்த்துக் கொட்டுகிற ஓட்டுநருக்கு உப்பு கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு சின்ன தேக்கரண்டி. சோற்றிலும் குழம்பிலுமே அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், மிக்சர், கருவாடு, மோர் மிளகாய். வெயில் காலத்தில் சாலையோரக் கூழ் வண்டியில் நீங்கள் வாங்கிக் குடிக்கும் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் முதல்தரமான சாப்பாடு. மோட்டல் பரோட்டாவை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் நான்கு வகையில்தான் வில்லங்கம். சின்ன வெங்காயமும் ஒரே ஒரு மோர் மிளகாயும் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

டீயையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிங்கிள் டிரிப் முடிந்ததும் ஒரு டீ. ஒரு டீக்கு இரண்டு கரண்டி, ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. ஆறு டீ குடித்தால் 60 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். டீயை விடச் சொல்லவில்லை. தூக்கம் கலைய அது வேண்டும். 'சர்க்கரை கம்மி' என்று மாஸ்டரிடம் ஒரு வார்த்தை. பக்கத்து யூனியன் பிரதேசமான புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு 14. புதுச்சேரி எல்லை நமக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீயோடு என்ன கடிப்பது? இங்கேதான் எனக்கு நம் ஊர் மேல் ஒரு பெருமை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடெங்கும் விவசாயிகள் விதைத்த டி.எம்.வி. ரக நிலக்கடலைகள் அங்கே உருவானவை. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவைதான். 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 பல பத்தாண்டுகள் கழித்தும் வயல்களில் இருந்தது. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் இப்பேர்ப்பட்ட மண்ணில் பிறந்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் பாமாயில் சிப்ஸ் பாக்கெட்டை உடைக்கிறோமே! அவித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, 30 கிராம், உப்பு அதிகம் போடாமல். அமெரிக்காவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்த ஒரு ஆய்வு 2017-இல் வெளியானது. வாரம் இரண்டு முறைக்குக் குறையாமல் நிலக்கடலை சாப்பிட்டவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் 13 சதவீதம் குறைவாக இருந்தது. கடலை தின்பவர்கள் மற்ற வகையிலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாக இருக்கலாம். அதனால் கடலை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சிப்ஸை வைத்து இப்படி ஒரு ஆய்வு வரப்போவதில்லை. பருவத்தில் நுங்கு, தை மாதத்தில் பனங்கிழங்கு, மரக்காணத்து மீன், வீட்டுக் கொல்லையில் முருங்கைக் கீரை. விழுப்புரம் மாவட்டத்துக்காரர் இதயத்துக்கு நல்லதைத் தேடி ஆலிவ் எண்ணெய் வாங்கப் போக வேண்டியதில்லை.

புகையிலைக்கு நீளமாக எழுத மாட்டேன். தூக்கம் வராமல் இருக்கப் புகைக்கிறேன், உதட்டுக்குள் அடக்குகிறேன் என்கிறீர்கள். பீடியோ சிகரெட்டோ குடிப்பவருக்கு மாரடைப்பு அபாயம் குடிக்காதவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மெல்லும் புகையிலைக்கும் விலக்கு இல்லை. விட்டால் ஒரே வருடத்தில் அந்தக் கூடுதல் அபாயம் பாதியாகக் குறையும். மருந்துக் கடையில் எந்த மாத்திரையும் இவ்வளவு வேகமாக இவ்வளவு செய்யாது.

தூக்கத்தைப் பற்றித்தான் உண்மையில் பேச வேண்டும். டபுள் டூட்டி பார்த்துவிட்டு டிப்போ ஓய்வறையில் கொசுக்கடியில் மூன்று மணி நேரம் கண்ணை மூடிவிட்டு மறுபடி வண்டி எடுப்பவரிடம் உணவு அட்டவணை கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தூக்கம் கெட்டவனுக்குப் பசி கூடும், இனிப்பும் எண்ணெயும்தான் நாக்கு கேட்கும், பிரஷர் இறங்காது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட, இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல். ஜப்பானில் மிகை வேலையால் வந்த மாரடைப்புச் சாவுக்குத் தொழிலாளர் இழப்பீடு கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இடையில் அரை மணி ஓய்வு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தால் கேன்டீன், ஓய்வறை, மருத்துவ வசதி. எல்லாம் அதில் எழுதியிருந்தது. எழுதியதைச் செய்யச் சொல்லிக் கேட்பது பேராசை ஆகுமா?

'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு வண்டி எடுப்பவர் எந்த அதிகாலையில் நடப்பது? உங்களுக்குத் தோதான வழி வேறு. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வண்டியைப் போட்டுவிட்டு அடுத்த டிரிப்புக்குப் பதினைந்து நிமிடம் இருந்தால், அந்த நேரத்தைச் சீட்டில் சாய்ந்து செல்போனில் கழிக்காமல் நிலையத்தைச் சுற்றி நடங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் நடந்தாலும் முப்பது நிமிடக் கணக்கில் சேரும். ரெஸ்ட் நாளில் மயிலம் கோயில் படி, தெம்பு இருந்தால் செஞ்சிக் கோட்டை. லண்டன் நடத்துநர் தினம் ஏறிய படி அங்கே உங்களுக்குக் காத்திருக்கிறது. நெஞ்சு அடைக்கிற தொல்லை ஏற்கெனவே உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

அடுத்து பிரஷர். டிப்போவை விட்டு வண்டி வெளியே வருமுன் காற்று, ஆயில், தண்ணீர், பிரேக் எல்லாம் பார்க்கிறீர்கள். தவணை தவறாமல் வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுகிறீர்கள். அந்த வண்டியை ஓட்டுகிறவரின் ரத்த அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மீதிப் பேரில் பலருக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் 'ஒரு தடவை மாத்திரை போட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது' என்று தொடங்குவதே இல்லை, அல்லது தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் உயர்ந்தால் தலை சுற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 140-க்கு 90 என்ற கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஆனால் நீங்கள் வீட்டில் இருந்தால்தானே? 2024-இல் அதே பாணியில் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். டிப்போவை விடப் பொருத்தமான இடம் அதற்கு ஏது? கேட்டு வாங்குங்கள். டூட்டி போடும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கருவி வைக்க லட்சக்கணக்கில் செலவாகாது.

இனி மிக முக்கியமானது: வாயு. நெஞ்சு அடைத்தால் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் வாயுதான். சோடா குடிப்பார்கள், ஓமம் மெல்லுவார்கள், ஜெலுசில் கேட்பார்கள், முதுகை நீவிவிடச் சொல்வார்கள். பரோட்டா சாப்பிட்ட இரவில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் நெஞ்சின் நடுவில் பாறாங்கல் வைத்தது போல இறுக்கம், அது இடக் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, காரணமில்லாமல் குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, குமட்டல். இவை வந்தால் வாயு என்று முடிவு செய்யும் வேலை உங்களுடையது அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாகக்கூட வரும். ரத்தக்குழாய் அடைத்த நேரத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே போகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கினால் மிச்சப்படுவது அதிகம்.

வண்டியை ஓரங்கட்டுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், 108-ஐ அழையுங்கள். இதில் மட்டும் 'ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிடறேன்' என்ற வீரம் வேண்டாம்; உங்கள் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் தடத்தின் ஓரத்திலேயே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இந்தப் பக்கம் திண்டிவனம் அரசு மருத்துவமனை. தினமும் கடந்து போகிறீர்கள். இடையில் மாட்டிக்கொண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தைக்கூட அலட்சியம் செய்ய வேண்டாம். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மூன்று மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நடத்துநர்களே, ஓட்டுநர் முகம் வெளுத்து வியர்த்தால் அவர் 'ஒண்ணுமில்லப்பா' என்பதை நம்பாதீர்கள்.

கடைசியாகப் பின்லாந்துக் கதை ஒன்று. அந்த நாட்டின் வடக்குக் கரேலியா என்ற மாகாணத்தில் 1970 வாக்கில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மரம் வெட்டிகள், பால்மாட்டு விவசாயிகள். வெண்ணெயும் உப்பும் புகையும் அவர்கள் வாழ்க்கை. 1971-இல் அந்த மக்களே அரசுக்கு மனு கொடுத்தார்கள். மறு வருடம் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர்கள் ஆளாளுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. தொத்திறைச்சி செய்யும் தொழிற்சாலைக்குப் போய்க் கொழுப்பில் ஒரு பங்குக்குப் பதிலாகக் காளான் போடச் சொன்னார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். பால்மாட்டை நம்பியிருந்த விவசாயிகளைப் பெர்ரிப் பழம் பயிரிட வைத்தார்கள். பெண்கள் சங்கங்கள் சமையல் கூட்டம் நடத்தின. முப்பத்தைந்து, நாற்பது வருடத்தில் வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

மனு கொடுப்பதும் பேரம் பேசுவதும் உங்கள் சங்கங்களுக்குப் புதிதில்லை. பஞ்சப்படிக்கும் ஓய்வூதியப் பாக்கிக்கும் டிப்போ வாசலில் கொடி பிடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் பஸ் கிடைக்காமல் அலைந்தும் இருக்கிறேன். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது இவற்றையும் எழுதுங்கள்: ஒவ்வொரு டிப்போவிலும் பிரஷர் கருவி, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடம் ஒரு முறை சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து இதயப் பரிசோதனை, டபுள் டூட்டிக்கு உச்சவரம்பு, கொசுவலை போட்ட ஓய்வறை, கேன்டீனில் காலை கூழும் அவித்த மல்லாட்டையும், மோட்டல் டெண்டரில் எண்ணெய் நிபந்தனை, பணியில் இருக்கும்போது வந்த மாரடைப்பைத் தொழில் பாதிப்பாக ஏற்பது.

பயணிகளிடம் கையெழுத்து வாங்குவதாக இருந்தால் திண்டிவனத்தில் காலை ஏழே முக்கால் வண்டிக்கு வாருங்கள். நான் போடுகிறேன், கூட வருகிறவர்களையும் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வண்டியில் வரும் ஒருத்தி,
திண்டிவனம்